கன்னாபினால்: பழைய கஞ்சாவில் பிறக்கும் பொருள்



கஞ்சா என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் எவரும் இல்லை. அதைத் தொட்டால் சிறை, கடத்தினால் தூக்குக் கயிறு வரை போகும் என்பதும் நம் வீட்டுப் பிள்ளைகள் வரை அறிந்த செய்திதான். ஆனால் இந்நாளில் கஞ்சா கஞ்சாவாக மட்டும் வருவதில்லை. மிட்டாயாக வருகிறது, நாக்கின் அடியில் விட்டுக்கொள்ளும் எண்ணெய்ச் சொட்டாக வருகிறது, 'தூக்கம் வராதவர்களுக்கு மிகவும் நல்லது' என்ற சிபாரிசோடு கைப்பேசியில் விளம்பரமாக வருகிறது. டப்பாவின் மேல் கஞ்சா என்ற சொல்லே இருக்காது. 'சி.பி.என்.' என்ற மூன்று எழுத்துகள் மட்டும் இருக்கும்.

அந்த மூன்று எழுத்துகள் குறிக்கும் பொருளின் பெயர் கன்னாபினால். அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அது எங்கிருந்து வருகிறது? உடம்பில் என்ன செய்கிறது? உண்மையிலேயே தூக்கம் தருகிறதா? சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொன்றாக விடை காண்போம்.

கஞ்சாச் செடியில் அதற்கே உரிய இரசாயனப் பொருள்கள் நூற்றுக்கு மேல் உண்டு. அவற்றுள் இரண்டு பெரும் புகழ் பெற்றவை. ஒன்று டி.எச்.சி. எனப்படும் டெட்ராஹைட்ரோகன்னாபினால். தலையைச் சுற்றவைத்து மயக்கம் தரும் போதைப் பொருள் இதுதான். மற்றொன்று சி.பி.டி. எனப்படும் கன்னாபிடியால். இதற்குப் போதை தரும் குணம் இல்லை. சில வகை வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்காக, சுத்தப்படுத்திய சி.பி.டி. மருந்து ஒன்றை 2018ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அங்கீகரித்தது.

நாம் பேசும் கன்னாபினால் மூன்றாவது பொருள். இதில் ஒரு விந்தை உண்டு. முதல் இரண்டின் மூலப் பொருள்களைச் செடி தானே ஆக்குகிறது. கன்னாபினாலை அது நேராக ஆக்குவதில்லை. அறுத்து உலர்த்திய பிறகு, காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டுப் பட்டு, டி.எச்.சி. சிறிது சிறிதாகச் சிதைந்து கன்னாபினாலாக மாறுகிறது. சுருங்கச் சொன்னால், கஞ்சா பழசாகும்போது பிறக்கும் பொருள் இது.

பால்மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. ஒரு ரப்பர் வளையத்தை வெயில் விழும் ஜன்னலோரத்தில் சில மாதங்கள் போட்டு வைத்துப் பாருங்கள். பிறகு அதை இழுத்தால் நீளாது. விரிசல் விட்டு அறுந்து போகும். காற்றில் உள்ள பிராணவாயு அந்த ரப்பரின் அமைப்பையே மாற்றிவிட்டது. பல நாள் திறந்து கிடந்த தேங்காய் எண்ணெயில் காறல் வாடை வீசுவதும் இத்தகைய மாற்றத்தால்தான். கஞ்சாவிலும் நடப்பது இதுவே. டி.எச்.சி.யின் ஓர் அணுக்கூட்டில் கரி அணு 21, ஹைட்ரஜன் அணு 30, பிராணவாயு அணு 2 உள்ளன. காற்றுப் பட்டு அதிலிருந்து நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் கழன்றுவிட்டால், மிஞ்சுவது கன்னாபினால். நான்கே அணுக்கள்தான் வேறுபாடு. ஆனால் குணம் வெகுவாக மாறிவிடுகிறது.

இந்த மாற்றம் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதை அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். சாதாரண அறை வெப்பத்தில் வைத்த கஞ்சா, ஓராண்டில் தன் டி.எச்.சி.யில் சுமார் 17 விழுக்காட்டை இழந்தது. நான்கு ஆண்டுகளில் சுமார் 41 விழுக்காட்டை இழந்தது. டி.எச்.சி. குறையக் குறையக் கன்னாபினால் கூடியது. ஆகவே, பிடிபட்ட ஒரு கஞ்சாப் பொட்டலம் ஏறத்தாழ எவ்வளவு காலம் பழையது என்பதை, இந்த இரண்டின் விகிதத்தைக் கொண்டே ஆய்வுக்கூடத்தார் கணிக்க முடிகிறது.

பழம்பொருள் ஆராய்ச்சியாளர்களுக்கும் கன்னாபினால் ஒரு துப்பு. சீனாவின் மேற்கே துர்பான் என்னும் பாலைவனப் பகுதியில், சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறை ஒன்றில் ஏறக்குறைய 800 கிராம் கஞ்சா கிடைத்தது. 2008ஆம் ஆண்டில் அதன் ஆய்வு வெளியாயிற்று. இத்தனை காலத்திற்குப் பிறகு அதில் டி.எச்.சி. மிஞ்சியிருக்குமா? கன்னாபினால்தான் இருந்தது. அது நாருக்காக வளர்த்த செடியன்று, போதைச் சத்து நிறைந்த செடி என்பதை அதைக் கொண்டே அறிந்தார்கள். 2019இல் பாமீர் மலைப் பகுதியிலும் இவ்வாறே நடந்தது. அங்கே சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறைகளில் கிடைத்த மரத் தீச்சட்டிகளில் கன்னாபினாலின் தடம் இருந்தது. இறந்தவரைப் புதைக்கும் சடங்கில் கஞ்சாப் புகை போட்டார்கள் என்பது அதனால் வெளிப்பட்டது. கள் காய்ந்த பிறகும் முட்டியில் வாடை நிற்பது போல, போதை மறைந்த பிறகும் அதன் அடையாளமாக நின்றது கன்னாபினால்.

இனி, மனிதன் இந்தப் பொருளைக் கண்டுபிடித்த கதைக்கு வருவோம். இதற்கும் இந்தியாவுக்கும் நேரான தொடர்பு உண்டு. 1893, 1894ஆம் ஆண்டுகளில், இந்தியாவில் கஞ்சாப் பழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது, அதனால் என்ன கேடு என்று விசாரிக்க ஆங்கில அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை அது விசாரித்தது. ஏறத்தாழ அதே காலத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்ற மூன்று இரசாயன அறிஞர்கள், சரஸ் எனப்படும் கஞ்சாப் பிசினைக் காய்ச்சி வடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 1896இல் அவர்களுக்குச் செந்நிறமான எண்ணெய் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து பிரிந்த பொருளுக்குத்தான் கன்னாபினால் என்று பெயரிட்டார்கள். கஞ்சாவின் இத்தகைய பொருள்களில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது இதுவே.

போதைக்குக் காரணமான பொருளைப் பிடித்துவிட்டோம் என்று அவர்கள் எண்ணினார்கள். அந்த எண்ணெய் போதை தந்ததும் உண்மைதான். ஆனால் அந்தப் போதை, எண்ணெயில் கலந்திருந்த டி.எச்.சி.யின் வேலை. இது தெளிவாக வெகுகாலம் ஆயிற்று. 1940இல் அமெரிக்காவில் ஆடம்ஸ், இங்கிலாந்தில் டாட் ஆகிய இருவரும் தனித்தனியே கன்னாபினாலைச் செயற்கையாக ஆக்கி, அதன் அமைப்பை முழுமையாக உறுதி செய்தார்கள். சுத்தமான கன்னாபினாலிடம் அந்தப் பெரிய போதை இல்லை. உண்மையான போதைப் பொருளான டி.எச்.சி.யைச் சுத்தமாகப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த கயோனி, மெக்கூலம் ஆகியோர். அது 1964ஆம் ஆண்டு. முதலில் கிடைத்தது கன்னாபினால். குற்றவாளி பிடிபட்டது 68 ஆண்டுகள் கழித்து!

அடுத்த கேள்வி: உடம்பில் இது என்ன செய்கிறது?

நம் மூளையிலும் நரம்புகளிலும் பூட்டுகள் போன்ற சில அமைப்புகள் உள்ளன. பசி, வலி, ஞாபகம், தூக்கம் ஆகியவற்றைச் சீராக வைப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அந்தப் பூட்டுகளுக்கு ஏற்ற சாவிகளை நம் உடம்பே செய்துகொள்கிறது. 1992இல் அத்தகைய சாவி ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நாம் நாள்தோறும் வழங்கும் ஆனந்தம் என்ற வடசொல்தான் அது. கஞ்சாவின் டி.எச்.சி., அந்தப் பூட்டில் திருட்டுச் சாவி போல் நுழைந்து திருப்பிவிடுகிறது. அதனால்தான் மயக்கமும், காலம் தெரியாத நிலையும், நடுக்கமும், அச்சமும் வருகின்றன.

கன்னாபினாலும் அதே பூட்டில் நுழையக் கூடியதே. ஆனால் அது தேய்ந்துபோன சாவி. டி.எச்.சி.யின் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அதற்கு உண்டு என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே சிறிய அளவில் அது பெரும் போதை தராது. ஆனால், 'குறைந்த வலு' என்பது வேறு, 'வலுவே இல்லை' என்பது வேறு. அளவு கூடினால் தேய்ந்த சாவியும் திரும்பத்தான் செய்யும்.

இப்போது தூக்கத்திற்கு வருவோம். விளம்பரங்கள் எல்லாம் இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. 'பழைய கஞ்சா புகைத்தால் தூக்கம் வருகிறது. பழைய கஞ்சாவில் கன்னாபினால் அதிகம். ஆகவே கன்னாபினால் தூக்க மருந்து' என்பதே அவர்கள் வாதம். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். ஆனால் கஞ்சா பழசாகும்போது கன்னாபினால் மட்டுமா கூடுகிறது? டி.எச்.சி. குறைகிறது, வாசனைச் சத்துகள் பறந்து போகின்றன. இத்தனை மாற்றங்களில் தூக்கத்திற்கு எது காரணம் என்று எப்படிச் சொல்வது? கோழி கூவியதால் பொழுது விடிந்தது என்று சொல்வது போன்ற வாதம் இது.

சோதனைகள் என்ன காட்டுகின்றன? 1975இல் ஐந்து ஆண்களை வைத்து ஒரு சோதனை வெளியாயிற்று. கன்னாபினால் 50 மில்லிகிராம் மட்டும் தந்தபோது அவர்களிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. அதையே டி.எச்.சி.யோடு சேர்த்துத் தந்தபோது, டி.எச்.சி. மட்டும் உண்டபோது இருந்ததைவிட அதிகமாக மயங்கினார்கள். அதாவது, தனியே நின்றபோது ஒன்றும் செய்யாதது, கூட்டுச் சேர்ந்தபோது மயக்கத்தைக் கூட்டியது.

2023இல் வெளியான மற்றொரு சோதனை சற்றுப் பெரியது. தூக்கம் சரியில்லை என்று சொன்னவர்களுக்கு ஏழு இரவுகள் 20 மில்லிகிராம் கன்னாபினால் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று எவருக்கும் தெரியாது. கன்னாபினால் எடுத்தவர்கள் இரவில் விழித்துக்கொண்ட தடவைகள் ஓரளவு குறைந்தன. ஆனால் படுத்தவுடன் விரைவில் தூக்கம் வரவில்லை. பகலில் களைப்பும் குறையவில்லை. 2024இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தார் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, எலிகளின் தூக்கம் கூடியது. இது ஆராய்ச்சியாளர்களுக்கு ஊக்கம் தரும் செய்திதான். ஆனால் எலிக்கு ஆனது மனிதனுக்கும் ஆகும் என்று உடனே சொல்ல எந்த மருத்துவரும் துணியமாட்டார். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கன்னாபினாலை எந்த நோய்க்கும் மருந்தாக அங்கீகரிக்கவில்லை.

ஆகவே நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: கன்னாபினால் முழுப் பொய்யும் அன்று, விளம்பரம் சொல்லும் அற்புதமும் அன்று. ஒரு நாள் அது முறையான மருந்தாக வரக்கூடும். இன்று அது மருந்தன்று.

சரி, வலு குறைந்த பொருள்தானே, சாப்பிட்டுப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு காரணங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, மிட்டாய்க்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கன்னாபினால் என்பது டி.எச்.சி.யிலிருந்து வருவது. பக்குவமாகப் பிரிக்காவிட்டால் டி.எச்.சி. அதிலேயே தங்கிவிடும். உண்டவர் கன்னாபினால் உண்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்; சிறுநீர்ச் சோதனை வேறு கதை சொல்லும்.

இரண்டாவது, வாயால் உண்ணும் கஞ்சாப் பொருள் உடனே வேலை செய்யாது. அரை மணி நேரமோ, இரண்டு மணி நேரமோ ஆகும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இன்னொன்றை விழுங்குவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து தாக்கும். கள்ளோ சம்சுவோ குடித்தவருக்கும், தூக்க மாத்திரையோ சளி மருந்தோ உண்டவருக்கும் மயக்கம் இன்னும் மிகும்.

மூன்றாவது, நம் வேலை. விடியுமுன் கத்தியோடு காட்டுக்குள் போகிறவர், நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் தலைக்கு மேலே இருக்கும் செம்பனைக் குலையை வெட்டுகிறவர், குலை ஏற்றிய லோரியை மேட்டில் ஓட்டுகிறவர், இவர்களுக்கு முதல் நாள் இரவின் மந்தம் காலையிலும் நின்றால் என்ன ஆகும்? மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால் ஒன்றுமில்லை. குலையின் கீழே நிற்பவர் கண் செருகினால் உயிருக்கே ஆபத்து.

நான்காவது, குழந்தைகள். மிட்டாய் என்றால் குழந்தைக்கு மிட்டாய்தான். அதற்கு எழுத்தும் தெரியாது, அளவும் தெரியாது. கஞ்சா மிட்டாய் உண்ட சிறு குழந்தை எழுப்பினாலும் எழாமல் உறங்கலாம், தள்ளாடலாம், மூச்சு மெலிந்து போகலாம். அப்படி ஒன்று நேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள். அல்லது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதை உண்டது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பயந்தும் வெட்கப்பட்டும் உண்மையை மறைத்தால் குழந்தைக்குத்தான் கேடு.

இனிச் சட்டம். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா வைத்திருந்தால், கடத்துவதற்காகவே வைத்திருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு வைத்திருந்தவருடையது. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது. ஆனால் மரண தண்டனையே நீங்கிவிட்டது என்று எவரும் தவறாக எண்ண வேண்டாம். கட்டாயம்தான் போயிற்று, அந்தத் தண்டனையை விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்னும் இருக்கிறது.

சிங்கப்பூரில் நிலை இன்னும் தெளிவு. அங்கே போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில், கன்னாபினாலின் பெயரே 'ஏ' வகுப்புப் போதைப்பொருள் பட்டியலில் எழுதப்பட்டுள்ளது. டி.எச்.சி.யும் கன்னாபினாலும் எந்த அளவிலேனும் சேர்ந்திருக்கும் இலைதழைக் கலவையைக் 'கஞ்சாக் கலவை' என்று அச்சட்டம் வரையறுக்கிறது. ஆகவே 'இது கஞ்சா அல்ல, வெறும் சி.பி.என்.' என்ற பேச்சு அங்கே செல்லாது. ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பையின் அடியில் மறந்து கிடக்கும் ஒரே ஒரு மிட்டாய் போதும், வாழ்க்கையையே புரட்டிப் போட.

வடக்கே தாய்லாந்தில் நிலை வேறு. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. கடைகள் பெருகின. பிறகு 2025 ஜூனில், கஞ்சாப் பூவுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. ஹட்யாய்க்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கே கடையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து, 'இங்கே விற்கிறார்கள், ஆகவே கொண்டு போகலாம்' என்று நினைத்துவிடக் கூடாது. கடை இருக்கும் நாட்டின் சட்டம் எல்லை வரைதான் கூட வரும். எல்லையைத் தாண்டினால் நம் நாட்டுச் சட்டம் காத்திருக்கிறது. மற்றவர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தை, உள்ளே என்ன என்று பார்க்காமல் வாங்கி வருவதும் இதே ஆபத்துதான்.

ஒரு மருந்து நம் நாட்டில் பதிவு பெற்றதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் முத்திரைத் தாளும் இருக்கும். அவை இல்லாத எதையும், எவ்வளவு அழகான டப்பாவில் வந்தாலும், மருந்து என்று நம்பி வாயில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. தூக்கத்திற்காக ஒருவர் மிட்டாயைத் தேடிப் போகிறார் என்றால், அவருக்குத் தூக்கம் இல்லை என்பது உண்மைதானே? அந்தக் குறையை நாம் அலட்சியம் செய்யலாகாது. நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த முதுகுவலி, கடன் கவலை, முறை மாறி வரும் இரவு வேலை, பிள்ளைகளைப் பற்றிய ஏக்கம் எல்லாம் படுக்கையில்தான் வந்து உட்காரும். அவருக்கு நாம் சொல்லக்கூடிய வழிகள் உண்டு. நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும். மாலைக்குப் பிறகு கெட்டித் தேநீரும் காப்பியும் வேண்டாம். படுக்கையில் கைப்பேசி வேண்டாம். தூக்கம் வர ஒரு கிளாஸ் என்று குடிப்பவர்கள் அறிய வேண்டியது, மது கண்ணை மூடவைக்கும், ஆனால் நடுச்சாமத்தில் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதே. உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலும் இருந்தால் அது தனி நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. வாரக் கணக்கில் தூக்கம் இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கம் இல்லை என்று சொல்வது வெட்கப்பட வேண்டிய காரியம் அன்று.

அவ்வாறே, வீட்டில் ஒரு பிள்ளையின் பையில் இத்தகைய டப்பா ஒன்றைக் கண்டால், அடிக்கக் கை ஓங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது என்னவென்று உனக்குத் தெரியுமா?' பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. விற்றவன் சொன்னது மட்டுமே தெரிந்திருக்கும். இன்று நாம் பேசியதை அப்போது நீங்களே எடுத்துச் சொல்லலாம். பயமுறுத்தி அடக்கிய பிள்ளை மறைவாகச் செய்யும். விளங்கிக்கொண்ட பிள்ளை, அடுத்த முறை எவன் நீட்டினாலும், 'இதில் எம்.ஏ.எல். எண் எங்கே?' என்று கேட்கும்.